பாம்பறிஞர் பாட்ரிக் ரசல்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றாகி நிற்கும். அங்கே சேற்றினின்றும் எழுந்து, வேர்களைத் தூண்கள்போல் ஊன்றி நிற்கும் மரங்கள் உண்டு. கண்டல் என்றும் சுரபுன்னை என்றும் வழங்கும் இம்மரங்கள் அடர்ந்த காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதனைக் கண்ட மாணவர் பலர் இருப்பர். கழிகளில் வலை வீசும் மீனவர், பொழுது சாயும் நேரத்தில் வலையை இழுக்கும்போது, மீனோடு பாம்பும் வருதல் உண்டு. அது நாய்முக நீர்ப்பாம்பாக இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அதன் கடியால் மனிதர் உயிருக்கு ஊறு நேர்வதில்லை. அதுவே வலைகடியன் என்னும் கடற்பாம்பாக இருந்துவிட்டாலோ, கடி பட்டவர் உயிருக்கே ஊறு நேரக்கூடும். இரண்டும் சேற்றின் நிறத்தையே ஒத்திருக்கும். இரண்டிற்கும் மூக்குத் துளைகள் தலையின் மேற்புறத்தே அமைந்திருக்கும். மங்கிய ஒளியில், நெளிந்து புரளும் நிலையில், இது இன்னது எனத் துணிவது எளிதன்று.

கழியில் மட்டுமா இந்த ஐயம்? வயலிலும் வரப்பிலும் வீட்டு மூலையிலும் பாம்பைக் கண்ட ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினா, இது நஞ்சுள்ளதா, இல்லதா என்பதே. இவ்வினாவைத் தம் வினாவாக ஏற்று, இந்தியப் பாம்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முதன்முதல் முறையாக முயன்றவர், கடல் கடந்து வந்த மருத்துவர் ஒருவர். அவர் பெயர் பாட்ரிக் ரசல்.

ரசல் 1727-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர். உடன்பிறந்தார் பலர். அவர்களுள் மூத்தவரான அலெக்சாண்டர் ரசல், சிரியா நாட்டின் பெரிய வாணிக நகரமாகிய அலெப்போவில் ஆங்கில வணிகர்களுக்கு மருத்துவராக விளங்கினார். பாட்ரிக்கும் எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1750-இல் அபர்தீன் நகரில் பட்டம் பெற்று, அவ்வாண்டே தமையனாரைத் தேடி அலெப்போவுக்குச் சென்றார். மூன்றாண்டுகள் கழித்துத் தமையனார் தாயகம் திரும்பினார். அவர் வகித்த பொறுப்பு இளையவரிடம் வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாட்ரிக் அந்நகரிலேயே வாழ்ந்தார்.

1760-ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள் அலெப்போவைக் கொள்ளைநோய் அலைக்கழித்தது. அந்நாளில் ஐரோப்பிய வணிகர், நோய் பரவும் காலத்தில் தம் இல்லங்களின் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவது வழக்கம். ரசலோ நோயாளிகளைக் கவனித்து, யாருக்கு எந்நாளில் என்ன குறி தோன்றிற்று, எவர் பிழைத்தார், எவர் மாண்டார் என்பவற்றை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். பின்னாளில் 1791-இல் வெளிவந்த அவருடைய கொள்ளைநோய் நூலுக்கு இக்குறிப்புகளே அடிப்படை. அந்நகரத்து ஆளுநராகிய பாட்சா, அவரைப் பாராட்டித் தலைப்பாகை அணியும் சிறப்பினை அவருக்கு அளித்தார். அயல் நாட்டார்க்கு எளிதில் கிட்டும் பெருமை அன்று அது.

அலெப்போ வாழ்வில் அவர் கற்றுக்கொண்ட மற்றொரு பழக்கமும் உண்டு. கல்லாத மக்களிடமும் கேட்டறியத் தக்கவை இருக்கும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். பாலைவனத்து அரேபியர் தம் குழந்தைகளுக்குப் பெரியம்மைப் பாலை ஊசிமுனையால் ஏற்றி, நோயின் கொடுமையைக் குறைத்துக்கொள்வதை அவர் கேள்வியுற்றார். அதனை ஏளனம் செய்யாமல், பலரையும் உசாவித் தெளிந்து, தமையனாருக்கு மடலாக எழுதி அனுப்பினார். அம்மடல் 1768-இல் இலண்டன் அரச சங்கத்தாரின் இதழில் வெளியாயிற்று. விசாகப்பட்டினத்து மீனவரிடமும் பாம்பு பிடிப்போரிடமும் பிற்காலத்தில் அவர் அமர்ந்து பெயர் கேட்டு எழுதியதற்கு, இப்பழக்கமே வித்து எனலாம்.

1770-களின் தொடக்கத்தில் அவர் அலெப்போவை விட்டு இலண்டனுக்கு வந்து மருத்துவத் தொழில் புரிந்தார். 1777-இல் அரச சங்கத்தின் உறுப்பினரானார். பெயரும் பொருளும் பெற்று ஓய்வாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய இளவல் கிளாட் ரசல், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பணியில் விசாகப்பட்டினத்தில் ஆட்சிப் பொறுப்பேற்கச் சென்றபோது, அக்குடும்பத்திற்குத் துணையாக இவரும் 1781-இல் கப்பலேறினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து நான்கு. பலர் கற்றது போதும் என்று புத்தகத்தை மூடிவைக்கும் வயதில், அவர் புதியதொரு கல்வியைத் தொடங்கினார்.

விசாகப்பட்டினம் சோழமண்டலக் கரையின் வடபகுதியில் உள்ளது. மலையும் கடலும் கழியும் ஒருங்கே அமைந்த அவ்விடம், இயற்கைப் பொருள்களை ஆராய்வார்க்கு ஏற்ற களமாயிற்று. ரசல் செடிகளைத் தொகுத்தார், மீன்களை வரைவித்தார். தரங்கம்பாடியில் நெடுநாள் வாழ்ந்து, பின்பு கம்பெனியாருக்குப் பணிபுரிந்த கோனிக் என்னும் தாவர அறிஞர் 1785-இல் மறைந்தபோது, அவ்விடத்திற்கு ரசலையே கம்பெனியார் அமர்த்தினர். நாட்டு மக்களுக்குப் பயன்படும் செடிகளைப் படத்தோடு வெளியிட வேண்டும் என்று சென்னை அரசாங்கத்தாருக்கு எடுத்துரைத்தவர் அவரே. அக்கருத்தின் விளைவாகவே ராக்ஸ்பரோ என்பாரின் சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய பெருநூல் பின்னர் வெளிவந்தது. இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, மருத்துவராகிய அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது பாம்புக்கடியே ஆகும்.

கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு உறவினர் ஓடிவருவர். எந்தப் பாம்பு கடித்தது என்று கேட்டால், கருப்புப் பாம்பு என்பார் ஒருவர். புள்ளி இருந்தது என்பார் மற்றொருவர். இதைக் கொண்டு மருத்துவர் என்ன துணிய இயலும்? ஒரே பாம்பு ஊருக்கு ஊர் வேறு பெயர் பெறும். வேறு வேறு பாம்புகள் ஒரே பெயரால் வழங்கும். நிறத்தையோ நம்புவதற்கில்லை. சட்டை உரிக்கும் முன் மங்கியும், உரித்தபின் மின்னியும் தோன்றும். குட்டியின் கோலம் ஒன்று, வளர்ந்த பாம்பின் கோலம் ஒன்று. ஆகவே, மாறாத அடையாளம் ஏதேனும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவ்வடையாளத்திற்கு வழி காட்டியவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ். பாம்பின் வயிற்றுப்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், அகன்ற தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்திலிருந்து கழிவாய் வரை அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கழிவாய்க்குப் பின் வாலின் அடியில் அத்தகடுகள் சில பாம்புகளில் ஒற்றையாகவும், சிலவற்றில் இரண்டிரண்டாகவும் இருக்கும். பாம்பு வளர்ந்தாலும் இத்தகடுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. பிறக்கும்போது உள்ள எண்ணே இறுதிவரை நிற்கும். ஓரினத்துப் பாம்புகளுக்குள் சிறு வேற்றுமை இருக்குமேயன்றிப் பெரிதும் மாறாது. லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட பதிப்பில் இவ்வெண்களைக் கொண்டே பாம்புகளை வகைப்படுத்தினார். ரசலும் தம்மிடம் வந்த பாம்பு ஒவ்வொன்றையும் மல்லாத்தி, வயிற்றுத் தகடு இத்தனை, வால் தகடு இத்தனை என்று எண்ணி எழுதினார். நீளம், பருமன், தலையின் வடிவம், கண், பல், நிறம் ஆகியவற்றையும் குறித்தார். அதன் பின்னரே ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டு, ஒலி பிறழாமல் எழுத முயன்றார்.

எண்ணுவது எளிது, அதனால் இனம் பிரிக்கவும் கூடும். ஆயினும் மருத்துவருக்கு வேண்டிய விடை அதில் கிட்டவில்லை. லின்னேயஸின் முறைப்படி, வயிற்றிலும் வாலடியிலும் ஒற்றைத் தகடுடைய பாம்புகள் யாவும் போவா என்னும் ஒரே குழுவில் சேரும். அமெரிக்கக் காடுகளில் இரையைச் சுற்றி நெரிக்கும் நஞ்சற்ற பெரும்பாம்பு அக்குழுவில் இருந்தது. நம் நாட்டுக் கட்டுவிரியனும் சுருட்டை விரியனும் வால் தகடு ஒற்றையாய் இருந்தமையால் அதனோடு சேர்ந்துகொண்டன. வாலடியில் இரட்டைத் தகடுடையவை கொலுபர் என்னும் குழு. அதிலே நல்லபாம்பும் இருந்தது. ஒரு தீங்கும் அறியாத பாம்புகள் பலவும் இருந்தன. புத்தகத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டில் ஒன்று உயிரைக் கொல்லும், மற்றொன்று கொல்லாது. இப்பிரிவைக் கொண்டு ஒருவர் உயிரைக் காப்பது எப்படி?

ரசல் இதனால் மனந்தளரவில்லை. வெளிப்புறத்தில் காணும் ஏதேனும் ஒரு குறியால் நஞ்சுள்ள பாம்பை எவரும் அறியுமாறு செய்ய இயலாதா என்று தேடினார். தலையிலுள்ள செதில்களை ஒப்பிட்டார். முதுகுச் செதில்களில் நடுவே வரம்பு இருப்பதையும் இல்லாததையும் ஆராய்ந்தார். தலை அகன்று முக்கோணமாக இருப்பது நஞ்சின் அடையாளம் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். விரியன்களுக்கு இது பொருந்தும். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பொருந்தாது.

ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும் பாம்புகள் இவ்வாராய்ச்சியை மேலும் கடினமாக்கின. மண்ணுளிப் பாம்புகளுள் ஒன்று கண்ணாடி விரியனைப்போலவே தடித்த உடலும் கரும்பழுப்புத் திட்டுகளும் உடையது; அதனை விரியன் என்றெண்ணி அடித்துக் கொல்வோர் இன்றும் உளர். புரட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். விரியனின் வயிற்றுத் தகடுகள் வயிற்றின் முழு அகலத்திற்கும் நீண்டிருக்கும். மண்ணுளியின் தகடுகளோ மிகக் குறுகியவை. வாலும் கட்டையாக முடியும். இதுபோலவே, வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற வீட்டுப் பாம்பு கட்டுவிரியனை ஒத்துத் தோன்றும். வரையனுக்கு வெண்கோடுகள் கழுத்துப் பக்கம் தெளிவாயிருந்து வால் நோக்கி மங்கும்; கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே மங்கியிருந்து பின்னே தெளிவுறும். கட்டுவிரியனின் முதுகு நடுவே ஒரு வரிசைச் செதில்கள் ஆறு பக்கமுடையனவாய்ப் பெருத்திருக்கும். வால் தகடு ஒற்றை. வரையனுக்கு இவை இல்லை. உயிருள்ள பாம்பைக் கண்டு, சற்றும் நெருங்காமல், இவ்வளவையும் பார்த்துத் தெளிவது யாரால் இயலும் என்று மாணவர் கேட்கலாம். ரசலுக்கும் இதே கவலை இருந்தது.

இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நஞ்சுள்ள பாம்பையும் இல்லாததையும் ஐயமின்றிப் பிரிக்கும் வெளிக்குறி ஒன்றும் இல்லை; வாயைத் திறந்து நச்சுப்பல்லைக் காண்பதே உறுதியான சோதனை. மேல்தாடையின் முன்புறத்தில் துளையுள்ள பல் இருந்தால் அது நஞ்சுள்ள பாம்பு. தாம் எண்ணிப் புகுந்த செயல் எளிதாக முடியவில்லை என்பதை ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னார். தோல்வி போல் தோன்றும் இம்முடிவை அவருடைய வெற்றிகளுள் ஒன்றாகவே கருதவேண்டும். பொய்யான எளிய குறி ஒன்றை அவர் சொல்லிவிட்டிருந்தால், அதை நம்பி எத்தனை பேர் மாண்டிருப்பரோ!

பல்லைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. கோழிகளையும் நாய்களையும் பாம்பு தீண்டுமாறு செய்து, ஒவ்வொரு பாம்பின் கடிக்கும் என்ன விளைகிறது, எவ்வளவு நேரத்தில் உயிர் பிரிகிறது என்று குறித்தார். அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தை நினைக்க நமக்கு இன்று மனம் கூசுகிறது. அக்காலத்தில் வேறு வழி அறியப்படவில்லை. இச்சோதனைகளால் ஒரு பேருண்மை வெளிப்பட்டது. கண்ணாடி விரியன், நல்லபாம்புக்கு அடுத்த நிலையில் வைத்து அஞ்சத்தக்க கொடிய பாம்பு என்பதே அது. தெலுங்கு மக்கள் அதனைக் காடுக ரேகுல பொட என்று அழைத்ததை அவர் எழுதி வைத்தார். காடுக என்பது கண்ணுக்கிடும் மை. ரேகு என்பது பூவிதழ். பொட என்பது புள்ளி. மையால் இதழ் வரைந்தாற்போன்ற அதன் முதுகைக் கண்டவர் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர்.

அந்நாளில் தஞ்சை மாத்திரை என்னும் ஒரு மருந்து பாம்புக்கடிக்குக் கைகண்டது என்று புகழ் பெற்றிருந்தது. வெள்ளைப் பாடாணம், பாதரசம், மிளகு முதலியவற்றால் ஆகிய அம்மாத்திரையை ஆங்கில மருத்துவர் சிலரும் போற்றினர். ரசல் அதனைச் சோதித்தார். புகழுக்கேற்ற பயன் அதில் காணப்படவில்லை. பின் எப்படி அது புகழ் பெற்றது? இங்கேதான் இனம் பிரித்தறிதலின் அருமை விளங்குகிறது. கடித்தது மண்ணுளியாகவோ வரையனாகவோ இருந்தால், மாத்திரை உண்டவரும் பிழைப்பர்; உண்ணாதவரும் பிழைப்பர். நஞ்சுள்ள பாம்பே கடித்தாலும், பல் ஆழப் பதியாமலும் நஞ்சு மிகுதியாக இறங்காமலும் போவதுண்டு. பிழைத்தவர் மருந்தைப் புகழ்வார். மாண்டவர் பேசமாட்டார். கடித்த பாம்பு இன்னது என்று தெரியாதவரை, எந்த மருந்தின் உண்மையையும் அறியமுடியாது.

ரசல் பெயர் கேட்டு எழுதிய வேறொரு பாம்பின் வரலாறு சுவையானது. மஞ்சளும் கருப்பும் மாறிமாறிப் பட்டை போட்ட விரியனை அப்பகுதியினர் பங்காரு பாமு, அதாவது பொற்பாம்பு, என்று வழங்கினர். ரசலின் நூலில் கண்ட இப்பெயரைக் கொண்டு ஐரோப்பிய அறிஞர் அவ்வினத்தொகுதி முழுவதற்கும் பங்காரஸ் என்று பெயரிட்டனர். இன்று கருநீல நிறமுடைய நம் கட்டுவிரியனும் அறிவியல் ஏடுகளில் பங்காரஸ் என்றே வழங்குகிறது. பொன்னிறம் இல்லாத பாம்புக்குப் பொன் என்ற பெயர்! ஊரார் வாய்ச்சொல் உலகச் சொல்லாயிற்று. கடற்பாம்புகளுள் வலைகடியன் என்னும் நம் தமிழ்ப் பெயரும் அவருடைய நூலின் இரண்டாம் தொகுதியில் இவ்வாறே இடம்பெற்றது.

இனி, முதலிற் கண்ட கழிக்குத் திரும்புவோம். விசாகப்பட்டினத்துக்கு வடக்கே ருஷிகுல்யா ஆறு கடலொடு கலக்குமிடத்தில் கஞ்சம் என்னும் ஊர் உள்ளது. அது இன்று ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்தது. அப்பகுதியிலிருந்து காரு பொக்கடம் என்னும் பெயருடைய நீர்ப்பாம்பு ஒன்று ரசலுக்குக் கிடைத்தது. அதனைப் படமாக வரைவித்து விவரத்தோடு தம் நூலில் சேர்த்தார். இதுவே நாய்முக நீர்ப்பாம்பு. கண்கள் சிறியன, தலையின் மேல்நோக்கி அமைந்தவை. மூக்குத் துளைகளை நீர் புகாமல் மூடிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. உடல் முழுதும் சேற்றில் புதைய, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியக் கிடந்து, வரும் மீனைப் பற்றும். அலை வடிந்த சேற்றின்மேல் செல்லும்போது உடலைப் பக்கவாட்டில் வளைத்து வளைத்து எறிந்தாற்போல் விரையும். முட்டையிடாமல் குட்டி ஈனும்.

இதற்கும் வலைகடியனுக்கும் உள்ள வேற்றுமையை அறிய வாலைப் பார்த்தால் போதும். கடற்பாம்பின் வால் துடுப்புப்போல் இருபுறமும் தட்டையாயிருக்கும். நாய்முகப் பாம்பின் வால் உருண்டு கூர்ந்து முடியும். மேலும், கடற்பாம்பின் வயிற்றுத் தகடுகள் பக்கத்துச் செதில்களைவிடச் சற்றே பெரியவை. பார்த்தவுடன் தகடு என்றே தோன்றா. நாய்முகப் பாம்புக்கு அவை நன்கு அகன்று தெரியும். அலையாத்திக் காட்டில் வாழும் அதன் சுற்றத்தாரைப் பிரித்தறியப் பின்வந்தோர், உடலின் நடுவே செதில் வரிசைகளைக் குறுக்காக எண்ணும் முறையைக் கைக்கொண்டனர். நாய்முகப் பாம்புக்குப் பெரும்பாலும் 23 அல்லது 25 வரிசை. ஒவ்வொரு செதிலிலும் வரம்பு உண்டு. நண்டு தின்னும் ஃபோர்டோனியா என்னும் பாம்புக்கு வரிசை 25-க்குக் குறையாது, செதில்கள் வழவழப்பானவை. ஜெரார்டா என்னும் மற்றொன்றுக்கு வரிசை 17 மட்டுமே. ஜெரார்டா ஓடு உரித்த மென்மையான நண்டைப் பிடித்து, உடலால் வளைத்துத் துண்டாக்கித் தின்னும் என்று 2002-இல் கண்டறிந்தனர். இரையை முழுதாக விழுங்குவதே பாம்பின் இயல்பு என்னும் பொது விதிக்கு இஃது ஒரு விலக்கு.

நாய்முகப் பாம்பு ரசலின் சோதனைக்கும் ஒரு விலக்காக அமைந்தது. அதன் வாயின் முன்புறத்தில் நச்சுப்பல் இல்லை. ஆகவே அக்காலத்து அறிவின்படி அது நஞ்சற்றதே. ஆனால் மேல்தாடையின் பின்கோடியில் பள்ளம் ஓடிய பற்கள் இரண்டு உண்டு. அவற்றின் வழியே இறங்கும் மெல்லிய நஞ்சு மீனை அடக்கும். மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. பின்பல் பாம்புகள் என்ற இப்பிரிவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்களே தெளிவாக வகுத்தனர்.

1789-இன் தொடக்கத்தில் ரசல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். தாம் தொகுத்த பாம்புகளுள் ஒரு பகுதியைச் சென்னையில் வைத்துவிட்டு, எஞ்சியவற்றை உடன் கொண்டு சென்றார். இலண்டனில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கொள்ளைநோய் நூலை முடித்தார். மறைந்த தமையனாரின் அலெப்போ வரலாற்றைத் திருத்தி விரிவாக்கி 1794-இல் பதிப்பித்தார். 1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல், நாற்பதுக்கு மேற்பட்ட வண்ணப் படங்களோடு, கம்பெனியாரின் பொருளுதவியால் வெளிவந்தது. 1803-இல் விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூற்றைப் பற்றிய நூல் வெளியாயிற்று. பாம்பு நூலின் இரண்டாம் தொகுதி பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்தபோதே, 1805-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், திருமணம் செய்துகொள்ளாமலேயே வாழ்ந்த அப்பெரியார் காலமானார். எஞ்சிய பகுதிகள் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தன.

கண்ணாடி விரியனுக்கு 1797-இல் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கில அறிஞர் ரசலின் பெயரையே இட்டார். ரசல் வாழ்நாளெல்லாம் தேடிய மருந்து, அவர் மறைந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து எடுக்கும் மாற்று மருந்தே அது. இந்தியாவில் செய்யப்படும் மாற்று மருந்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் உரியது. இதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-இல் அமைத்த கூட்டுறவுச் சங்கம் பெயர் பெற்றது. பாம்பின் இனத்தை அவர்கள் சுவட்டைக் கொண்டே சொல்லிவிடுவர்.

காரு பொக்கடத்தின் கதையும் அத்தோடு முடியவில்லை. ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர், கிரேக்க மொழியில் பெரும்புலவர், ரசலின் நூலில் கண்ட படத்தையும் விவரத்தையும் ஆதாரமாகக் கொண்டு 1799-இல் அப்பாம்புக்கு ரிங்கோப்ஸ் என்று அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர்க் கிரேக்கக் கதையில் வரும் மூன்று தலை நாயின் பெயரால் செர்பெரஸ் என்னும் முன்பெயரும் சேர்ந்தது. அதன் பின் இருநூறு ஆண்டுகள், இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை கழிகளில் கண்ட நாய்முகப் பாம்புகள் பெரும்பாலும் ரிங்கோப்ஸ் என்ற ஒரே பெயராலேயே வழங்கிவந்தன. 2012-இல் அறிஞர் மூவர் செதில்களை மீண்டும் எண்ணி, உயிரணுவின் மரபுக்கூற்றையும் ஒப்பிட்டு, ஐந்து இனங்கள் உள என முடிவு செய்தனர். ஆஸ்திரேலியாவில் ஒன்று, பலாவு தீவுகளில் ஒன்று, பிலிப்பைன்ஸ் நாட்டின் புகி என்னும் நன்னீர் ஏரியில் ஒன்று, தென்கிழக்கு ஆசியக் கரையில் ஒன்று, நம் பக்கத்துக் கரையில் ஒன்று.

ஐந்தும் பிரிந்தபோது, பழைய பெயர் எதற்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. முதன்முதல் பெயர் பெற்ற பாம்பு எதுவோ அதன் இனத்திற்கே அப்பெயர் நிற்கவேண்டும் என்பது அறிவியலார் வகுத்த விதி. தென்கிழக்கு ஆசியப் பாம்புக்கு ஷ்னைடரின் பெயரால் அமைந்த வேறொரு பழம்பெயர் மீண்டும் வழங்கப்பட்டது. ரிங்கோப்ஸ் என்னும் பெயர், கஞ்சம் கழிமுகத்திலிருந்து ரசலின் மேசைக்கு வந்த காரு பொக்கடத்திற்கும், இந்தியக் கரையின் அலையாத்திக் காடுகளில் இன்றும் மாலைதோறும் சேற்றினின்றும் தலையெடுக்கும் அதன் இனத்திற்குமே உரியதாக நின்றுவிட்டது.